எட்டாவது நாற்காலி

என் பாட்டிக்கு மலாய் எழுதப் படிக்கத் தெரியாது. சந்தையில் மீன் பேரம் பேசுகிற அளவுக்குப் பேசுவார். ஆனால் ஆர்.டி.எம்மில் 'கெராக் காஸ்' தொடங்கிவிட்டால் ஜெலுத்தோங் பிளாட்டில் எங்கள் வீட்டுக் கூடம் அவருடைய கோர்ட்டாகிவிடும். பத்தாவது நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "இவந்தான்டா. மூஞ்சியப் பாரு." பாதி நாள் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். தவறிப்போன நாளில் கதை எழுதியவனைத் திட்டுவார்.

அந்தத் தொடர் 1999இல் தொடங்கியது. யூசோப் ஹஸ்லாமின் ஸ்கோப் நிறுவனம் எடுத்தது. இருபது ஆண்டுகள் போல ஓடியது. நான் தொடக்கப் பள்ளியில் இருந்த காலத்தில் இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள், துப்பாக்கிகள் மாறின, பாட்டி மட்டும் மாறவில்லை. என்னை ஒரு குற்றத்தொடர் ரசிகனாக்கியது அவர்தான்.

கூடத்தில் எங்களோடு உட்காராத ஒருவர் பெரியப்பா. துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக் காட்சி வந்தால் பார்ப்பார். கோர்ட் காட்சி வந்தால் எழுந்து கீழே ஒட்டுக்கடைக்குப் போய்விடுவார். அவருக்கு டிவி பிடிக்காது என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்தபோது அமெரிக்கத் தொடர்களுக்கு நகர்ந்தேன். 'லா அண்ட் ஆர்டர்' 1990இல் தொடங்கி இருபது பருவங்கள், 456 அத்தியாயங்கள் ஓடி நின்று, 2022இல் மறுபடி வந்தது. டிக் வுல்ஃப் உருவாக்கிய அதன் அச்சு எளிமையானது. முதல் பாதி போலீஸ், மறுபாதி அரசு வழக்கறிஞர்கள், காட்சி மாறும்போது அந்த இரட்டைத் தட்டு ஓசை. அதன் கிளையான 'எஸ்.வி.யு.' 1999இலிருந்து இன்னும் ஓடுகிறது. மரிஸ்கா ஹார்கிடே அதே ஒலிவியா பென்சனாகக் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டார்.

இவற்றை நான் முடிவு தெரிந்த பிறகும் திரும்பப் பார்க்கிறேன். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ளும் ஆவலில் என்றால் ஒருமுறை பார்ப்பது போதுமே! திரும்பப் பார்க்க வைப்பது வேறொன்று. ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் எழுந்து நின்று தீர்ப்பு சொல்லிவிடுவார் என்ற உத்தரவாதம். நம் வாழ்க்கையில் எந்த வழக்கும் அப்படி முடிவதில்லை. நில வழக்கோ அடையாள அட்டை விண்ணப்பமோ, ஆண்டுக்கணக்கில் "அப்புறம் வாங்க"தான்.

தமிழர்களுக்கு இந்த ருசி புதிதல்ல. கண்ணகி வழக்காடியதை ஒரு குற்றத்தொடர் ரசிகனாகப் படித்துப் பாருங்கள். சாட்சி இல்லை, வழக்கறிஞர் இல்லை, ஒரே ஒரு தடயப்பொருள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். உடைத்துப் பார்க்கிறார்கள். கடைசி நிமிடத்தில் தடயம் பேசுகிறது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தபோது கருணாநிதியின் வசனத்தை சிவாஜி கூண்டில் நின்று பேசினார். அதற்குப் பிறகு தமிழ்ப் படத்தில் கோர்ட் என்றால் குற்றவாளிக் கூண்டிலிருந்து உலகத்தின் மீது குற்றம் சாட்டுகிற இடம் என்றாகிவிட்டது. நீதிபதி சுத்தியலால் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்பார். எங்கள் நாட்டுக் கோர்ட்டில் சுத்தியலே கிடையாது.

'பராசக்தி'க்குச் சில ஆண்டுகள் முன்பு நிஜமாகவே ஒரு வழக்கைத் தமிழகம் தொடர்போலப் பின்தொடர்ந்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கைதானவர்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. 1945இல் ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி, 1947இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. என்.எஸ்.கே. மீண்டு வந்தார். பாகவதரின் பழைய காலம் திரும்பவே இல்லை. ஜூரி சொன்ன ஒரு சொல்லுக்கும் அதை ரத்து செய்த இன்னொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு குரல் போய்விட்டது. டிவி தொடரில் இந்த இரண்டு ஆண்டுகள் விளம்பர இடைவேளையில் கடந்துவிடும்.

அமெரிக்க டிவியின் கோர்ட் நாடகங்களும் ஜூரியிலிருந்து பிறந்தவைதான். ரெஜினால்ட் ரோஸ் என்ற எழுத்தாளர் ஜூரராக உட்கார்ந்த அனுபவத்திலிருந்து '12 ஆங்ரி மென்' எழுதினார். 1954இல் அது டிவி நாடகமாக வந்தது, 1957இல் சினிமாவானது. பதினோரு பேர் குற்றவாளி என்கிறபோது எட்டாம் எண் ஜூரர் மட்டும் சந்தேகப்படுகிறார். அதே 1957இல் 'பெரி மேசன்' தொடர் தொடங்கியது. 271 அத்தியாயங்கள். மேசன் குறுக்கு விசாரணை செய்யச் செய்ய, உண்மைக் குற்றவாளி தாங்க முடியாமல் தானே ஒப்புக்கொண்டுவிடுவான். முதலாவது சந்தேகத்தின் கதை, இரண்டாவது நிச்சயத்தின் கதை. அடுத்த எழுபது ஆண்டுகளில் டிவியில் ஜெயித்தது நிச்சயம்தான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

பினாங்கை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டது 1786இல். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே முறையான நீதிமன்றம் இல்லை. 1807இல் அரச சாசனம் வந்தது. 1808 மே மாதம் சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் ரெக்கார்டராகக் கோர்ட்டைத் திறந்தார். இன்றைய மலேசியாவின் நீதிமன்ற வரலாறு அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆங்கிலச் சட்டத்தோடு ஜூரியும் கப்பலிலிருந்து இறங்கியது. இன்று லைட் ஸ்ட்ரீட்டில் குவிமாடத்தோடு நிற்கிற உயர் நீதிமன்றக் கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. எதிரில் இருக்கிற நினைவுச்சின்னம் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுடையது. ஆசியர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர், 'பினாங்கு கெசட்' பத்திரிகையின் ஆசிரியர், 1869இல் இறந்தார். அதன் கீழே நிழலுக்கு நிற்கிறவர்கள் பெரும்பாலும் யார் அவர் என்று படிப்பதில்லை. நானும் படித்ததில்லை, இந்தக் கட்டுரைக்காகப் போகும்வரை.

இங்கே ஜூரி என்றால் ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். மரண தண்டனைக்குரிய கொலை வழக்குகளில் அந்த ஏழு பேர்தான் குற்றவாளியா இல்லையா என்று சொன்னார்கள். அமெரிக்க நாடகத்தின் எட்டாம் எண் ஜூரருக்கு எங்கள் கோர்ட்டில் நாற்காலியே கிடையாது.

பெரியப்பா அந்த ஏழு பேரில் ஒருவராக இருந்தார் என்பது பாட்டி இறந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. பழைய பெட்டியில் ஓர் அழைப்பாணை கிடந்தது. எண்பதுகளின் தொடக்கம், ஒரு கொலை வழக்கு. என்ன வழக்கு, என்ன தீர்ப்பு என்று அவர் சொல்லவில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு சாயங்காலம் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் பேசினார்.

"டிவில எல்லாரும் எந்திரிச்சு நின்னு பேசறான். நாங்க ஏழு பேரும் உக்காந்தே இருந்தோம். பேசக் கூடாது. அந்தப் பையன் லாயரப் பாக்கல, ஜட்ஜப் பாக்கல. எங்களையே பாத்துக்கிட்டு இருந்தான்."

"அவன்தான் செஞ்சானா பெரியப்பா?"

"அது கேள்வி இல்லய்யா. நிரூபிச்சாங்களாங்கிறதுதான் கேள்வி. அது எனக்குப் புரியறதுக்கே மூணு நாள் ஆச்சு. ஒங்க பாட்டிக்குப் பத்து நிமிஷம் போதும்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதனாலதான் எந்திரிச்சுப் போயிடுவேன். எங்கம்மா தப்பா ஒண்ணும் பண்ணல. ஆனா அது என் காதுல விழக் கூடாது" என்றார்.

அவர் ஜூரராக இருந்ததற்குச் சில ஆண்டுகள் கழித்து அதே லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்கு உலகத்தின் கேமராக்கள் வந்தன. 1983 நவம்பர் 9 அன்று பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் கைதானார்கள். ஏறத்தாழ 180 கிராம் ஹெராயின். 1985இல் வழக்கு நடந்தது. ஜூரி இல்லை, ஒரே நீதிபதி. பார்லோவுக்காக வாதாடியவர் கர்பால் சிங். அப்போது ஜெலுத்தோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர், எங்கள் பிளாட்டுக்காரர்களுக்கு வீட்டு மனிதர் மாதிரி. டிவி வழக்கறிஞர் ஒருவரை நிஜத்தில் காட்டு என்றால் ஜார்ஜ் டவுனில் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள். அவராலும் முடியவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் கருணை கேட்டும் பலனில்லை. 1986 ஜூலை 7 அன்று புடு சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளில், 1988இல், அது 'டாடா இஸ் டெத்' என்ற டிவி தொடரானது. பார்லோவின் தாயாக ஜூலி கிறிஸ்டி நடித்தார். ஒரு ரசிகனாக நான் அதைத் தேடிப் பார்க்க ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. நான் தினம் பார்க்கிற தொடர்களின் அடிப்படை வாக்கியம், குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்பது. எங்கள் போதைப்பொருள் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் ஒருவரிடம் இருந்தால் கடத்துவதற்காகத்தான் வைத்திருந்தார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் கூண்டில் நிற்கிறவர். அந்தச் சட்டத்தின் இரட்டை அனுமானத்துக்கு இடம் கொடுத்த பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2019இல்தான் ரத்து செய்தது. கட்டாய மரண தண்டனை 2023இல்தான் போனது. பெரி மேசன் பினாங்குக்கு வந்திருந்தால் அவருக்கும் இதே சட்டம்தான்.

ஜூரி அதற்கு முன்பே போய்விட்டது. சிங்கப்பூரில் அதை ஒழித்தவர் லீ குவான் இயூ. இளம் வழக்கறிஞராக இருந்தபோது, மரியா ஹெர்டோக் கலவரத்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி, கொலைக்குற்றத்திலிருந்து ஜூரியிடம் விடுதலை வாங்கித் தந்தவர். அந்த வெற்றியே தனக்கு ஜூரியின் மீது நம்பிக்கை போகக் காரணம் என்று பின்னால் சொன்னார். மலேசியாவில் 1995இல் முடிந்தது. கடைசி ஜூரி வழக்குகளில் ஒன்று மோனா ஃபெண்டியுடையது. அரசியல்வாதி ஒருவரைக் கொன்ற பெண் பொமோ, முன்னாள் பாடகி. பகட்டான உடைகளில் கேமராவுக்குச் சிரித்தபடி தெமர்லோ கோர்ட்டுக்கு வந்துபோனார். நாடே அதைத் தொடர்போலப் பார்த்தது. ஏழு சாதாரண மனிதர்கள் தீர்ப்பு சொன்ன காலம் ஒரு தொடர்நாடகத்தோடு முடிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து 'கெராக் காஸ்' வந்தது. அதனால்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தோன்றுவது இது. ஜூரர் நாற்காலியை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள், டிவி அதை ஒவ்வொரு கூடத்திலும் திருப்பிப் போட்டுவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம். இந்த எட்டாவது நாற்காலியில் உட்காருகிறவரை யாரும் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம். பெரியப்பாவைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பையனின் பார்வைதான். நமக்கு அது கிடையாது. அதனால் பத்து நிமிடம் போதுமாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் டிவியோடு நின்றால் பரவாயில்லை. 2022இல் ஈப்போக்காரர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் பெயர் செய்தியில் வந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. "கடத்துனானா இல்லையா? அப்புறம் என்ன?" 42.72 கிராம் ஹெராயினோடு 2009இல் சிங்கப்பூரில் பிடிபட்டபோது அவருக்கு வயது 21. அறிவுத்திறன் அளவு 69 என்று ஒரு மதிப்பீடு இருந்தது. தூக்குக்கு முந்தைய நாள் கடைசி மனுவை வழக்கறிஞர் இல்லாமல் அவருடைய தாயே கோர்ட்டில் நின்று பேசினார். கையில் உடைத்துக் காட்ட சிலம்பு எதுவும் இல்லை. மனு தள்ளுபடியானது. ஏப்ரல் 27 அன்று தூக்கு. அந்த மூன்று நிமிடத் தீர்ப்புக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் நானும் ஒருவன். செய்தியை முழுதாகப் படித்தது அதற்குப் பிறகுதான்.

நான் இன்னும் 'எஸ்.வி.யு.' பார்க்கிறேன். விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். போன ஆண்டு லைட் ஸ்ட்ரீட்டில் பார்வையாளர் வரிசையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். யாரும் கத்தவில்லை. மொழிபெயர்ப்பாளர் தமிழில் மெதுவாக ஏதோ சொன்னார், கூண்டில் இருந்தவர் தலையாட்டினார். ஒரு சாட்சி வரவில்லை. வழக்கு அடுத்த தேதிக்குப் போனது. மொத்தம் பதினைந்து நிமிடம் இருக்கும். எழுந்து போகும்போது அந்த மனிதர் பார்வையாளர் பக்கம் திரும்பினார். தன் வீட்டுக்காரர்களைத் தேடியிருப்பார். நடுவில் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

அவர் செய்திருப்பாரா என்று எனக்குள் கேள்வி எழுந்தது. பாட்டியின் குரலில்தான் எழுந்தது. பதில் சொல்லாமல் வெளியே வந்து, லோகன் சிலையடியில் நின்று பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.