பாயில் இல்லாத பெயர்

கட்டிலும் நாற்காலியும் நம் இல்லங்களில் இடம்பிடிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே பாய் இருந்தது. தொழவும், உண்ணவும், உறங்கவும், நிக்காஹ் சபைக்கு வந்தோரை அமர்த்தவும் அதுவே விரிக்கப்பட்டது. பாய் என்றதும் நம் பாண்டி நாட்டார் நினைவில் எழும் ஊர் பத்தமடை. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை திருநெல்வேலியை அடைகிறது. அங்கிருந்து மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகில், தாமிரபரணிப் பாசன நிலத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. அங்கே இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருவோர் லெப்பைக் குடும்பத்தினர்.

இத்தொழிலின் முறையைச் சற்றே காண்போம். ஈரநிலத்தில் வளரும் கோரைப்புல்லைப் பச்சையாகவே அறுத்து, நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, வெயிலில் உலர்த்துவர். பின்னர்க் கட்டுகளாகக் கட்டி ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவைப்பர். நீரை உண்டு பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பற்றிவிடும். சிவப்புச் சாயத்தை முன்னர்ச் சப்பங்கிக் கட்டையிலிருந்தே எடுத்தனர். பிற்காலத்தில் இரசாயனச் சாயம் புகுந்தது. தரையில் முளையடித்துப் பாவு நூலை நீட்டிக் கட்டி, கோரையை ஒவ்வோர் இழையாகக் குச்சியால் கோத்து, அச்சால் நெருக்குவர். பருத்தி நூலில் 120 முதல் 140 பாவு வரை நெருக்கி நெய்யப்படுவதே பட்டுப்பாய். பட்டுத் துணியைப் போல் மடிக்கலாம் என்பதால் அதற்கு அப்பெயர். ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து மென்மையாக்கும் முறையை நூறாண்டுகளுக்கு முன்னர்க் கண்டறிந்தவர் ஹஸன் பாவா லெப்பை என்பது அவ்வூர் வழக்கு. அந்த ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் வீட்டு வேலைக்கிடையே இழை கிழித்து, குனிந்தமர்ந்து நெய்தவர்களுள் மிகப் பலர் பெண்மக்கள். அவர்களுள் எவர் பெயரை நாம் அறிவோம்?

அரபு மொழியில் பாய்க்கு 'ஹஸீர்' என்று பெயர். அடக்குதல், சூழ்ந்து கட்டுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது. இழைகள் ஒன்றையொன்று அடக்கிப் பிணைந்திருப்பதால் அப்பெயர் வந்தது என அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். ஹதீஸ் நூல்களில் ஒரு பாயின் செய்தி உண்டு. முலைக்கா (ரலி) என்ற மூதாட்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். உணவுக்குப் பின் நாயகம் அவர்கள் தொழுவிக்க எழுந்தபோது, நெடுநாள் புழங்கியதால் கறுத்துப்போயிருந்த ஹஸீர் ஒன்றின் மீது அனஸ் (ரலி) நீர் தெளித்து விரித்தார். பழம்பாய் ஒன்றின் செய்தியைக் கூட, அழைத்த பெண்மணியின் பெயரோடும் அறிவித்தோர் வரிசையோடும் காத்த மரபு நம்முடையது. இஸ்னாதைப் போற்றும் நாம், நம் அண்டை ஊர்ப் பெண்களின் கைத்திறனுக்கு ஒரு வரிசையும் எழுதி வைக்கவில்லை.

மணப்பாயில் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் நெய்து தருவது பத்தமடையின் தனிச்சிறப்பு. 2013-ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடும் கிட்டியது. அதனால் ஊரின் பெயர் சட்டப்படி காக்கப்பட்டது. வாங்குவோர் பெயர் பாயில் உண்டு. ஊர்ப் பெயர் பதிவேட்டில் உண்டு. நெய்தவர் பெயரோ எதிலும் இல்லை. விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில், வாரக்கணக்கான உழைப்புக்கு ஏற்ற கூலி கிட்டாதபோது, மகள் தாயிடம் இத்தொழிலைக் கற்க முன்வருவாளா? நுண்ணிழை கிழிக்கும் பக்குவம் ஏட்டில் இல்லை, விரல்களில் இருக்கிறது. ஒரு தலைமுறை கற்காது விட்டால் அது மீளாது.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த நிக்காஹுக்குப் பாய் நெய்யச் சொல்லும்போது உழைப்புக்குரிய விலையைத் தயங்காமல் கொடுப்போம். மணமக்கள் பெயருக்குக் கீழே, ஓரத்தில் சிறிய எழுத்தில், நெய்தவர் பெயரையும் நெய்து தரும்படி கேட்போம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு சாண் கோரை மட்டுமே.