வைரஸ் மட்டும் போதுமா? பர்கிட் லிம்போமாவை முன்வைத்து ஓர் ஆய்வு

வைரஸ்தான் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது பாதி உண்மையே. உலகில் வயது வந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் எப்ஸ்டீன்-பார் வைரஸை வாழ்நாள் முழுவதும் உடலில் சுமக்கின்றனர். அவர்களுள் மிகச் சிலருக்கே லிம்போமா வருகிறது. யாருக்கு வருகிறது என்பதைத் தீர்மானிப்பதில் வைரஸின் இயல்பைவிட, அது குடியேறிய உடலின் எதிர்ப்பாற்றல் நிலைக்கே பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

உகாண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1958இல் எழுதினார். அதுவே பின்னர் பர்கிட் லிம்போமா எனப் பெயர் பெற்றது. வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களிலேயே இந்நோய் காணப்பட்டதால், பூச்சி ஏதோ ஒரு வைரஸைப் பரப்புகிறது என அவர் ஐயுற்றார். 1961இல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட நோயியல் ஆய்வாளர் ஆந்தனி எப்ஸ்டீன், கம்பாலாவிலிருந்து வந்த கட்டித் திசுக்களை ஆராயத் தொடங்கினார். அத்திசுவிலிருந்து வளர்த்த உயிரணுக்களில் ஒரு புதிய வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதாக, அச்சாங், பார் ஆகியோருடன் சேர்ந்து 1964இல் அறிவித்தார்.

ஆனால் எப்ஸ்டீன்-பார் எனப் பெயர் பெற்ற அந்த வைரஸ் உமிழ்நீர் வழியே பரவுவது. எல்லா நாடுகளிலும் இருப்பது. கட்டியோ குறிப்பிட்ட நிலப்பரப்பை விட்டு அதிகம் நகரவில்லை. அந்த நிலப்பரப்பு ஃபால்சிபாரம் மலேரியா ஆண்டு முழுவதும் நிலவும் பகுதியோடு ஒத்துப்போனதை 1960களில் வைரஸ் ஆய்வாளர் கில்பர்ட் டால்டார்ஃப் சுட்டிக்காட்டினார். எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களை மலேரியா ஓயாமல் தூண்டுகிறது. தூண்டப்பட்ட அணுக்களில், எதிர்ப்பொருள் மரபணுக்களைத் திருத்துவதற்காக ‘எய்ட்’ என்னும் நொதி டிஎன்ஏவில் மாற்றங்களையும் முறிவுகளையும் உண்டாக்குகிறது. இவ்வேலையில் நேரும் பிழையால், 8ஆம் குரோமோசோமில் உள்ள, அணுப் பெருக்கத்தைத் தூண்டும் ‘மிக்’ மரபணு பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறி, அடங்காமல் இயங்குகிறது. இத்தகைய அணு இயல்பாக மடிந்துவிட வேண்டும். மடியாமல் காப்பது வைரஸ். வைரஸைக் கட்டுப்படுத்தும் டி அணுக்களையும் மலேரியா தளர்த்துகிறது. பர்கிட் ஐயுற்றதுபோல் கொசு வைரஸைச் சுமக்கவில்லை. ஆனாலும் நோயில் கொசுவுக்குப் பங்கு இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காணப்படும் பர்கிட் லிம்போமாவில் பெரும்பாலும் இந்த வைரஸ் இல்லை. ‘மிக்’ பிறழ்வு மட்டும் எங்கும் உண்டு. எனில் ஆப்பிரிக்காவில் வைரஸ் வெறும் உடனிருப்பா? இல்லை. உகாண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் சுமார் 42,000 குழந்தைகளின் குருதியை முன்கூட்டியே சேகரித்து நடந்த ஆய்வின் முடிவு 1978இல் வெளியானது. பின்னாளில் கட்டி வந்த குழந்தைகளிடம், நோய்க்கு முன்பே அவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. ஆகவே ஒரே மரபணுப் பிறழ்வுக்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் வைரஸ் வழியும் மெய்யானதே.

எதிர்ப்பாற்றல் தளர்வதும் ஓயாமல் தூண்டப்படுவதும் எதிரெதிர் நிலைகள். இரண்டுமே லிம்போமாவுக்கு இட்டுச்செல்கின்றன. உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரிடம் தோன்றிய லிம்போமாக்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்ததும் சுருங்கக்கூடும் என 1984இல் உறுப்பு மாற்று அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் காட்டினர். தன்னுடலையே தாக்கும் ஷோக்ரன் நோயிலோ, நீடித்த அழற்சிக்கு ஆளான உமிழ்நீர்ச் சுரப்பியில் லிம்போமா பிறக்கிறது. ஹெபடைடிஸ் சி தொற்றுடன் மண்ணீரல் லிம்போமாவும் இருந்த 9 பேருக்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் வைரஸ் எதிர்ப்பு மருந்தான இன்டர்ஃபெரான் கொடுத்தனர். 7 பேரிடம் வைரஸ் ஒழிந்ததும் புற்றுநோயும் தணிந்தது. இம்முடிவு 2002இல் வெளியானது. எச்ஐவி தொற்றில் தளர்வும் தூண்டலும் ஒருங்கே நிகழ்கின்றன. டி அணுக்கள் ஓரளவு எஞ்சியிருக்கும்போதே அதில் பர்கிட் லிம்போமா தோன்றுவதுண்டு.

இச்சான்றுகள் மருத்துவருக்கு ஒரு கடமையை உணர்த்துகின்றன. லிம்போமாவின் வகையை அறிவதோடு, அதற்குத் தூண்டுதலாக நிற்பது எது என்பதையும் தேட வேண்டும். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி சோதனைகள் சிகிச்சைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதுவரை மலேரியா ஒழிப்பையும் புற்றுநோய்த் தடுப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.