பயந்து நிறுத்திய மாத்திரையின் கதை



போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோல், மூட்டு, சிறுநீரகம் என்று சொந்த உடம்பைத் தாக்கும் நோய் அது. "டீச்சர், எனக்குக் கொடுத்த அசதயோபிரின் மாத்திரை கேன்சர் மருந்து வகையாம். கிட்னி மாற்றினவங்களுக்குக் கொடுப்பாங்களாம். பயந்துபோய் நிறுத்திட்டேன்" என்றாள். "முதலில் டாக்டரிடம் போய் நிறுத்தியதைச் சொல்லும்மா. அந்த மாத்திரையின் வரலாற்றை நான் எழுதுகிறேன்" என்றேன். அதுதான் இது.

கெர்ட்ரூட் எலியான் 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயதில், ஆசையாக வளர்த்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் இறந்ததைப் பார்த்தார். அதனால் வேதியியல் படித்தார். பெண் என்பதால் ஆய்வகங்களில் வேலை கிடைக்கவில்லை. பகலில் பள்ளிகளில் வேதியியலும் இயற்பியலும் நடத்தினார். இரவிலும் விடுமுறையிலும் ஆய்வு செய்து 1941இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆமாம், அவரும் நம்மைப் போல டீச்சர்தான்! பிறகு ஓர் உணவு நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பை அளக்கும் வேலையும் பார்த்தார். 1944இல்தான் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார்.

அவர்கள் யோசனை எளிமையானது. ஒரு செல் இரண்டாகப் பெருக, முதலில் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். அதற்குப் பியூரின் என்ற பொருள் தேவை. பியூரின் போலவே இருக்கும் போலியைக் கொடுத்தால், வேகமாகப் பெருகும் செல் ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும், பெருக்கம் நின்றுவிடும். இப்படி 1951இல் உருவான 6-மெர்காப்டோபியூரின், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் ஆயுளை நீட்டியது.

1959இல் பாஸ்டனில் ராபர்ட் ஷ்வார்ட்ஸும் வில்லியம் டேமஷெக்கும் அதே மருந்தை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து செலுத்திய புரதத்தை எதிர்க்கும் சக்தி அவற்றில் அடங்கியது. எதிர்ப்புச் செல்களும் வேகமாகப் பெருகுபவைதானே! எலியான் குழு அந்த மருந்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் அசதயோபிரின். 1962இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே உறவில்லாத ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தியபோது, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் காத்தது இந்த மருந்து.

அடுத்தவர் உறுப்பைத் தாக்காமல் தடுக்கும் மருந்து, தன் உறுப்பையே தாக்குவதையும் தடுக்காதா? இந்தக் கேள்வியோடுதான் 1960களில் மருத்துவர்கள் இதை லூபஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஸ்டீராய்டுதான் பெரிய துணை. அதிக அளவில் நாள்பட எடுத்தால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அசதயோபிரின் சேர்ந்ததால் பலருக்கு ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது.

1955இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வெளியான ஒரு கணக்குப்படி, லூபஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் நான்கு ஆண்டுகளைத் தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை தொடர்ந்து கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேர் பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். இந்த ஒரு மாத்திரையால் மட்டும் வந்த மாற்றம் இல்லை. இதற்கும் அதில் பங்கு உண்டு.

அவள் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம், கிருமித்தொற்றுக்கு இடம் கொடுக்கலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்வதும் அதனால்தான். பயத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்; நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

எலியான் முனைவர் படிப்பை முடிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கச் சொன்னார்கள். அவர் வேலையை விடவில்லை. 1988இல் நோபல் பரிசு வந்தது.

நேற்று என் மாணவியிடமிருந்து செய்தி: "டாக்டரைப் பார்த்தேன் டீச்சர். ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு மறுபடி ஆரம்பிச்சாச்சு." மனசு நிறைந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் பயந்து மாத்திரையை ஒளித்து வைத்திருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்