சர்ப்பகந்தி முதல் கோவா வரை: உவகை குன்றுதல் குறித்த ஆய்வின் வரலாறு

புனேயின் ஹடப்சர் பகுதியில் இன்று மகர்பட்டா நகரம் நிற்கும் இடம் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வேளாண் நிலம். ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள் தங்களுக்கு உரிய சுமார் 400 ஏக்கரை வெளியாருக்கு விற்றுவிடாமல் ஒன்றுசேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி எழுப்பிய நகரம் அது. அதன் மென்பொருள் வளாகத்தில் இன்று மராத்தியரோடு தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் பணிபுரிகின்றனர். வேலைப்பளுவால் வரும் நெருக்கடியை மராத்தியர் 'தாண்' என்பர்; வாழ்வில் பற்றற்றுப் போகும் நோயை 'நைராஷ்ய' என்பர். இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழரோ பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே தொடரையே ஆள்கின்றனர்: மன அழுத்தம். நாளிதழ்ச் செய்தியில் 'மன அழுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று வந்தால், அவர் பணிநெருக்கடியில் இருந்தாரா, நோயுற்றிருந்தாரா என்பது வாசகருக்கு விளங்குவதில்லை.

இது கலைச்சொல் அகராதிக்காரர்களின் கவலை மட்டுமன்று. காரணத்தையும் விளைவையும் ஒரே பெயரால் சுட்டும்போது, இரண்டுக்கும் இடையே நிகழ்வது என்ன என்ற கேள்வியே எழாமற் போகிறது. அந்த இடைவெளியில்தான் கடந்த எழுபது ஆண்டுகளின் முக்கியமான ஆய்வுகள் நடந்துள்ளன. எனவே இக்கட்டுரையில் 'அழுத்தம்' என்பது புறநெருக்கடியையும் அதற்கு உடல் காட்டும் எதிர்வினையையும் குறிக்கும். 'மனச்சோர்வு' என்பது நோயைக் குறிக்கும்.

மனச்சோர்வை அழுகையோடும் துயரத்தோடும் இணைத்துப் பார்ப்பதே பொது வழக்கு. ஆயினும், துயரம் மிகுவது வேறு, உவகை குன்றுவது வேறு என்பதை 1896-இலேயே பிரெஞ்சு உளவியலாளர் தியோடியூல் ரிபோ எடுத்துக்காட்டி, பின்னதற்கு 'அன்ஹெடோனியா' என்று பெயரிட்டார். அச்சொல் நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தது. 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட மூன்றாம் பதிப்புக் கையேடுதான், ஆர்வமோ இன்பமோ இழத்தலை மனச்சோர்வின் தலையாய அறிகுறிகளுள் ஒன்றாக நிறுத்தியது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, இறுதியில் உவகையை வைக்கிறது. அதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்லும்போது, அல்லலின் நீக்கத்தையும் உவகையோடு சேர்த்தே பேசுகிறது. அல்லலுக்கும் உவகைக்கும் உள்ள எதிர்த்தொடர்பை இலக்கணம் ஓர் அடைமொழியில் சொல்லிவிட்டது. ஆய்வகத்தில் அதைக் காட்ட நெடுநாள் ஆயிற்று.

அழுத்தம், வெகுமதி ஆகிய இரண்டையும் பற்றிய நவீன ஆய்வு ஒரே பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஒரு தற்செயல். மான்ட்ரியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செல்யே 1936-இல், எத்தகைய தீங்கு நேர்ந்தாலும் எலிகளின் உடல் ஒரே வகையான எதிர்வினையைக் காட்டுகிறது என்று எழுதினார். அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் 1954-இல், மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் மின்முனை பதிக்கப்பட்ட எலிகள் அத்தூண்டலைப் பெறுவதற்காகவே நெம்புகோலை ஓயாமல் அழுத்துவதைக் கண்டனர். மூளையில் வெகுமதிக்கென்று ஒரு பாதை உண்டு என்ற கருத்து அங்கிருந்து எழுந்தது. எனினும் இரு கதைகளும் சந்திக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. இடையில் இந்தியாவிலிருந்து ஒரு வேர் குறுக்கிட்டது.

சர்ப்பகந்தி இந்திய மருத்துவ மரபில் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் வழங்கப்பட்டு வந்த செடி. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931-இல் அதனை உளநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்ற மருந்தென எழுதினர். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தம் நோயாளர் அனுபவத்தை வெளியிட்ட பின்னரே மேலைநாட்டார் இச்செடியை ஊன்றிக் கவனித்தனர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. 1957-இல் லாஸ்கர் விருது பெற்றவர்களுள் வக்கீலும் ஒருவர்.

அதன் பிறகு வந்த திருப்பமே நம் பொருளுக்கு நெருக்கமானது. இரத்த அழுத்தத்துக்காக ரிசர்பைன் உட்கொண்டவர்களுள் சிலர் மனச்சோர்வில் வீழ்ந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். 1955-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம், அம்மருந்து மூளையின் செரோடோனின் சேமிப்பைக் காலியாக்குவதைக் காட்டியது. 1957-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், ரிசர்பைனால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபமைனின் முன்பொருளான எல்-டோப்பாவைச் செலுத்தி அவற்றை எழுந்து நடமாடச் செய்தார். டோபமைன் தனித்த பணியுடைய வேதிப்பொருள் என்ற அறிவு அம்முயல்களிலிருந்து பிறந்தது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் அதுவே ஈட்டித் தந்தது. வேதிப்பொருள் குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு என்ற சமன்பாடு 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட்டின் கட்டுரையால் கோட்பாட்டு உருவம் பெற்றது.

அச்சமன்பாடு தேவைக்கு மேல் நேர்த்தியானது. 1955-இலேயே லண்டனைச் சேர்ந்த டேவிஸ், ஷெப்பர்ட் ஆகிய இருவர், பதற்றமும் சோர்வும் கொண்ட புறநோயாளர்களுக்கு ரிசர்பைன் நன்மை செய்ததாக லான்செட் இதழில் எழுதியிருந்தனர். கோட்பாட்டுக்கு ஒவ்வாத அக்கட்டுரையைப் பலர் மறந்தனர். 1971-இல் குட்வினும் பன்னியும் பழைய பதிவுகளை மீளாய்ந்தபோது தெளிவானது இது: அம்மருந்தால் முழுமையான மனச்சோர்வு அடைந்தவர்கள் சிறு பகுதியினரே, அவர்களுள் பலருக்கு முன்பே அந்நோயின் வரலாறு இருந்தது. மருந்து ஒன்றே, உண்டவர் எல்லோரும் வீழவில்லை. 'ஊறுபடத்தக்க நிலை' என்ற கருத்து ஆய்வின் மையத்துக்கு வந்ததற்கு இதுவும் ஒரு வழி. வரலாற்று நூல்கள் சமன்பாட்டுக்குத் தரும் இடத்தில் பாதியையேனும் இந்த மீளாய்வுக்குத் தந்திருக்கலாம்.

அழுத்தத்தையும் வெகுமதியையும் ஒரே கூண்டுக்குள் கொண்டுவந்தவர் பால் வில்னர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் எலிகளுக்குப் பெருந்துன்பம் எதையும் இழைக்கவில்லை. ஒருநாள் கூண்டைச் சாய்த்து வைத்தனர். ஒருநாள் படுக்கையை ஈரமாக்கினர். ஒருநாள் விளக்கை அகாலத்தில் எரியவிட்டனர். இவ்வாறு வாரக்கணக்கில் முன்னறிய இயலாத சிறு தொல்லைகள் தொடர்ந்தபின், எலிகள் இனிப்பு நீருக்குக் காட்டிய விருப்பம் குறைந்தது. சோர்வுநீக்கி மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது அவ்விருப்பம் மீண்டது. பேரிடர் வேண்டியதில்லை, ஓயாத சிறுநெருக்கடி போதும் என்பதே இதன் பொருள். இரவுப்பணியும் நள்ளிரவு அழைப்பும் மாறிமாறி வரும் வளாகங்களில் வாழ்வோருக்கு இந்தக் கூண்டு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் எலியிலிருந்து மனிதருக்கு நேரே தாவுவது ஆய்வொழுக்கம் ஆகாது.

பெங்களூரின் பங்கு இங்கே குறிப்பிடத்தக்கது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்த்ர சட்டர்ஜியும், நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவும், உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை அழுத்த ஆய்வில் ஒரு திருப்புமுனை. நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகளில், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ அவை கிளைத்து வளர்ந்தன. ஒரே அழுத்தம் ஓரிடத்தைத் தேய்த்து இன்னோரிடத்தைப் பெருக்கியது. ஓய்வுக்குப் பின் ஹிப்போகாம்பஸ் மீண்டது. அமிக்டலாவின் வளர்ச்சி 21 நாளுக்குப் பிறகும் குறையவில்லை என்று 2004-இல் அதே குழு காட்டியது. விடுப்பு எடுத்துத் திரும்பியவர் ஏன் பழையபடி இல்லை என்று கேட்போர் இம்முடிவை நினைவில் கொள்ளலாம். நிம்ஹான்ஸின் டி. ஆர். ராஜுவின் ஆய்வகம் எதிர்த்திசையில் சென்றது. அழுத்தத்துக்கு உள்ளான எலிகள் தம் மூளையின் வெகுமதிப் பாதையைத் தாமே தூண்டிக்கொள்ள வழி செய்தபோது, தேய்ந்த நரம்புக் கிளைகளும் குன்றிய கற்றலும் மீண்டன என்பது 2008-இல் வெளியான முடிவு. ஓல்ட்ஸின் நெம்புகோல் அரை நூற்றாண்டுக்குப் பின் செல்யேயின் கேள்விக்கு விடை தேடும் கருவியாயிற்று.

மனிதரிடம் இதை அளப்பது எளிதன்று. 'மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்று கேட்டால் வரும் விடை, கேட்டவரின் முகத்தையும் கேட்கப்பட்ட மொழியையும் சார்ந்தது. அமெரிக்காவில் டியேகோ பிட்சகாலி 2005-இல் ஒரு சுற்றுவழியைக் கையாண்டார். கோட்டுமுகம் ஒன்றில் வாயின் நீளம் சற்றே மாறும். நீளமா குட்டையா என்று சொல்லவேண்டும். இரண்டுள் ஒன்றுக்கு மட்டும் மூன்று மடங்கு அதிகமாகப் பரிசு கிடைக்கும். நலமுள்ளோர் தம்மை அறியாமலேயே அந்த விடையின் பக்கம் சாய்வர். சோர்வின் அறிகுறி மிகுந்தோரிடம் அச்சாய்வு மங்கியிருந்தது. மின்னதிர்ச்சி வரலாம் என்ற அச்சுறுத்தலின் கீழ் வைத்தபோது பொதுவாகவே அச்சாய்வு குறைந்தது என்பது 2006-இல் ரயன் போக்டனுடன் அவர் எழுதிய கட்டுரையின் முடிவு. வெகுமதியிலிருந்து கற்றுக்கொள்ளும் திறனையே அழுத்தம் தொடுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

நோய்க்கு முந்திய நிலையை அறிய ஆய்வாளர்கள் இரு குழுக்களை நாடினர். முதலாவது, நோயுற்று நலமடைந்தோர். ஆக்ஸ்போர்டில் சியாரா மக்கேபும் குழுவினரும் 2009-இல் அவர்களுக்குச் சாக்லேட்டின் சுவையையும் படத்தையும் அளித்து மூளையைப் படம்பிடித்தனர். பிடித்திருக்கிறது என்று மற்றவர்களைப் போலவே மதிப்பிட்டனர். ஆனால் வெகுமதிப் பாதையின் மையமான வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டத்தின் துலக்கம் குறைந்திருந்தது. வாய் சொல்வதும் மூளை காட்டுவதும் வேறுபட்டன. இரண்டாவது குழு, நோயுற்ற தாயரின் மகளிர். ஸ்டான்ஃபோர்டில் இயன் காட்லிப் 2010-இல் ஆராய்ந்த, தாம் ஒருபோதும் மனச்சோர்வு அடைந்திராத சிறுமியரிடமும் வெகுமதியை எதிர்நோக்கும்போது அத்தகைய குறைவே தெரிந்தது. நோயின் நிழல் நோய்க்கு முன்னரே விழக்கூடும் என்பதற்கு இது சான்று. இதன் மறுபக்கத்தை 2012-இல் யூலியா நிகோலோவாவின் ஆய்வு காட்டியது: வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டத்தின் துலக்கம் வலுவாக உள்ளவர்களிடம் அண்மைய வாழ்க்கை நெருக்கடிகள் உவகையை அவ்வளவாகக் குறைக்கவில்லை.

கென்ட் பெரிட்ஜ் முன்வைத்த ஒரு வேறுபாடும் இங்கு உதவும்: வேண்டுதல் வேறு, சுவைத்தல் வேறு, டோபமைன் பெரிதும் முன்னதற்கே உரியது. தமிழில் வேட்கையும் உவகையும் ஒன்றாக எண்ணப்பட்டதில்லை ஆகையால் இந்தப் பாகுபாடு தமிழ் வாசகருக்குக் கடினமன்று. சோர்வுற்றவர் இனிப்பைச் சுவைக்க இயலாதவர் அல்லர். இனிப்பை நோக்கிக் கை நீட்ட இயலாதவராக இருக்கலாம். வீட்டார் 'சோம்பல்' என்றும் மேலாளர் 'ஈடுபாடின்மை' என்றும் பெயரிடுவது பெரும்பாலும் இந்தக் கை நீளாமையைத்தான். அந்தப் பெயர்களின் விலையை நோயாளரே செலுத்துகிறார்.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, கணக்கெடுத்த காலத்தில் வயதுவந்தோருள் 2.7 விழுக்காட்டினர் மனச்சோர்வில் இருந்தனர். பெருநகரங்களில் விகிதம் கூடுதல். தமிழகம் உட்பட 12 மாநிலங்கள் அதில் இடம்பெற்றன, மகாராஷ்டிரம் இடம்பெறவில்லை. மகர்பட்டா போன்ற வளாகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் செய்தித்தலைப்புகளை நம்பியே நடப்பதற்கு இது ஒரு காரணம்.

மகாராஷ்டிரத்துக்குத் தெற்கே, கோவாவில், இவ்வரலாற்றின் வேறொரு கிளை மருத்துவமாயிற்று. வாழ்வில் வெகுமதி தரும் செயல்கள் அருகுவதே சோர்வை நிலைநிறுத்துகிறது என்று 1970-களில் பீட்டர் லூயின்சோன் வாதிட்டிருந்தார். அக்கருத்தில் கிளைத்த செயலூக்க முறையை விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்து 2017-இல் லான்செட்டில் வெளியிட்டனர். பங்கேற்ற நோயாளர் 495 பேர். ஆலோசகர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அவர்கள் செய்தது, விட்டுப்போன செயல்களுள் எதை முதலில் மீண்டும் தொடங்கலாம் என்று நோயாளரோடு அமர்ந்து திட்டமிட்டு, மறுவாரம் வந்து கேட்டது. மூன்று மாத முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 39 விழுக்காட்டினரும், இதனைச் சேர்த்துப் பெற்றோருள் 64 விழுக்காட்டினரும் நோயறிகுறி தணிந்திருந்தனர். உவகை திரும்பட்டும், பிறகு எழலாம் என்று அவர்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை. கை முதலில் நீண்டது.