மில், ஃபேக்டரி, கம்பெனி: கோவையில் ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

கோயம்புத்தூரில் ஒருவர் "எங்க அப்பா மில்லுல வேலை பார்த்தாரு" என்று சொன்னால், என்ன மில் என்று யாரும் கேட்பதில்லை. அது பஞ்சாலைதான். இதே ஆள் "மாவு மில்லுக்குப் போயிட்டு வந்தேன்" என்றால் அது வேறு. ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு அர்த்தம். இதில் எது பழைய அர்த்தம்?

மில் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மாவு மில்தான் பழையது! லத்தீனில் 'மோலா' என்றால் திரிகைக் கல். அதிலிருந்து வந்த 'மோலினா' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் 'மில்' ஆனது. தானியம் அரைக்கும் இடம் என்பதே அதன் முதல் பொருள். இங்கிலாந்தில் மாவு அரைக்க ஆற்றுநீரில் சுற்றும் சக்கரங்களைப் பயன்படுத்தினார்கள். 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டு என்ற ஊரில் அதே மாதிரி நீர்ச்சக்கரத்தை வைத்துப் பருத்தி நூல் நூற்க ஆரம்பித்தார். சக்கரம் பழசு, வேலை மட்டும் புதுசு. அதனால் மில் என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தமிழிலும் இதே கதை நடந்திருப்பதுதான் ஆச்சரியம். 'ஆலை' என்றால் பழந்தமிழில் கரும்பு பிழியும் எந்திரம். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் இடத்துக்கும் அதுதான் பெயர். பிறகு பஞ்சு எந்திரங்கள் வந்தபோது 'பஞ்சாலை', 'நூற்பாலை' என்று அதே சொல்லை நீட்டிக்கொண்டார்கள். ஆக, ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே வழியில் போயிருக்கின்றன.

ஃபேக்டரி என்றால்?

அகராதியில் மில்லும் ஃபேக்டரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் பிறப்பு வேறு. 'ஃபேக்டர்' என்றால் முகவர், அதாவது வணிகக் கம்பெனியின் ஏஜெண்ட். அவர் சரக்கு வாங்கி வைத்த கிட்டங்கிதான் ஃபேக்டரி. கிழக்கிந்தியக் கம்பெனி 1611இல் மசூலிப்பட்டினத்தில் வைத்த ஃபேக்டரியில் எந்த எந்திரமும் ஓடவில்லை. நெசவாளர்களிடம் துணி வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். பொருள் செய்யும் இடம் என்ற அர்த்தம் பின்னால்தான் நிலைத்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 'தொழிற்சாலை' என்ற சொல்லில் இருப்பது ஆலை அல்ல, 'சாலை'. பாடசாலை, அறச்சாலை மாதிரி. ஆலை எந்திரத்தைக் குறிக்கிறது, சாலை இடத்தைக் குறிக்கிறது.

கோவைக்கு மில் வந்த கதை

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் தொடங்கப்பட்டது. ஜனங்களுக்கு அது 'ஸ்டேன்ஸ் மில்'. 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. மறுவருடமே, 1933இல், மில் முதலாளிகளின் சங்கமான 'சைமா' உருவானது. ஆர்க்ரைட் சக்கரத்தைச் சுற்ற வைத்த அதே தண்ணீர், இங்கே கம்பி வழியாக மின்சாரமாக வந்து கதிர்களைச் சுற்ற வைத்தது.

அப்புறம் மில் என்பது கட்டடத்தின் பெயராக மட்டும் இல்லை. பஸ் ஸ்டாப்பின் பெயர் மில், தெருவின் பெயர் மில், நேரம் சொல்வது மில் சங்கு. ஒண்டிப்புதூரின் கம்போடியா மில் ஒரு பருத்தி ரகத்தின் பெயரைத் தாங்கியது. சைடர், டாஃபர், ஜாபர், ஷிஃப்ட் என்று எழுத்தறியாதவர்கள் வாயிலும் ஆங்கிலச் சொற்கள் சாதாரணமாகப் புழங்கின.

எந்திரம் செய்யும் இடங்களுக்கு வேறு சொற்கள். 1962இல் தொடங்கியது லட்சுமி மெஷின் 'ஒர்க்ஸ்'. இரும்பு உருக்கினால் 'ஃபவுண்டரி', சின்ன லேத் இருந்தால் 'பட்டறை'. திருப்பூரில் பனியன் தைத்தால் அது எவ்வளவு சிறிதானாலும் 'கம்பெனி'!

பெயரில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சம்பளமே இருக்கிறது.

1948ஆம் ஆண்டு ஃபேக்டரி சட்டப்படி, மின்சாரத்தில் எந்திரம் ஓடினால் 10 பேர், மின்சாரம் இல்லையென்றால் 20 பேர் வேலை செய்தால்தான் அந்த இடம் 'ஃபேக்டரி'. பத்துக்குக் குறைவான ஆட்களோடு ஓடிய சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள் பொதுவாக அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றன. தறியின் சத்தம் ஒன்றுதான், சட்டத்தின் காதில் மட்டும் விழவில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டத்தில் இந்த எண்கள் 20, 40 என்று இரட்டிப்பாயின. அதே கட்டடம், அதே ஆட்கள், ஆனால் ஃபேக்டரி இல்லை!

ஆளைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். வராத தொழிலாளிக்குப் பதிலாக வேலை செய்பவர் 'பதிலி'. ஆண்டுக்கணக்கில் பதிலியாகவே இருந்தவர்கள் உண்டு. இதற்காகத்தான் 1981இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. பின்னால் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மில் விடுதிகளில் தங்கவைத்து, மூன்று வருட முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொன்னார்கள். அவர்களுக்குக் கொடுத்த பெயர் 'அப்ரண்டிஸ்'. தொழிலாளி செய்யும் வேலை, பயிற்சியாளர் என்ற பெயர், குறைந்த கூலி.

சொல்லுக்காக மட்டும் இல்லை, உரிமைக்காகவும் இந்த ஊர் மில்களில் பெரிய போராட்டங்கள் நடந்திருக்கின்றன. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான சின்னியம்பாளையம் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். தொழிற்சங்கங்கள் இன்றும் அவர்களைத் தியாகிகள் என்றே நினைவுகூர்கின்றன.

மிச்சம் இருப்பது

நலிந்த மில்களை 1974இல் ஒரு சட்டத்தின் மூலம் மத்திய அரசு தேசியமயமாக்கி என்.டி.சி.யிடம் ஒப்படைத்தது. அந்த மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டன. ஊரடங்கு முடிந்தும் எந்திரங்கள் ஓடாததால் தொழிலாளர்கள் முழுச் சம்பளம் கேட்டுப் போராட வேண்டிவந்தது. லட்சுமி மில் வளாகத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. ஆனாலும் கண்டக்டர் "லட்சுமி மில்ஸ் இறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார். இறங்குகிறவர்களில் பலர் அங்கே நூல் நூற்பதைப் பார்த்ததே இல்லை.