திறக்காத விளக்கக்காட்சிக் கோப்புகளும் தமிழ்ப் பாடங்களும்

முன்னுரை

2000-க்குப் பின் சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் பலருக்கும் ஓர் அனுபவம் உண்டு. ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் அமர்ந்து, திருமணிமுத்தாற்றைப் பற்றிப் படங்களுடன் ஒரு பாடம் தயாரிப்போம். மறுநாள் பள்ளிக் கணினியில் அந்தக் கோப்பு திறக்காது. திறந்தாலும் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். கணினி பழுது என்று சொல்லிக் கரும்பலகைக்குத் திரும்புவோம். உண்மையில் பல வேளைகளில் கணினி நன்றாகவே இருந்தது. கோப்பின் வடிவமும் தமிழின் குறியேற்றமும் இடையில் மாறியிருந்தன. அந்த மாற்றங்களின் வரலாற்றை அறிந்தால் பழைய கோப்புகளை இன்றும் மீட்கலாம்.

பவர்பாயின்ட் கோப்பின் இரு வடிவங்கள்

ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் உருவாக்கிய பவர்பாயின்ட், 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. விண்டோஸ் பதிப்பு 1990-இல் வந்தது.

1997 முதல் 2003 வரை வந்த பதிப்புகள் 'பிபிடி' என்ற பின்னொட்டுடன் கோப்பைச் சேமித்தன. ஆபீஸ் 2007 'பிபிடிஎக்ஸ்' என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. இது ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே ஒவ்வொரு படவில்லையும் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்பாகவும், படங்கள் 'மீடியா' என்ற உறையிலும் இருக்கும். புதிய மென்பொருள் பழைய கோப்பைத் திறந்தது. பழைய மென்பொருளுக்குப் புதிய கோப்பு புரியவில்லை. பிரவுசிங் சென்டரில் 2007 பதிப்பும் பள்ளியில் 2003 பதிப்பும் இருந்தால் பாடம் நின்றுபோகும். இதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு துணை நிரலை இலவசமாக வழங்கியது. 2018-இல் அதையும் நிறுத்திவிட்டது.

பாடநூலும் மடிக்கணினியும்

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடநூல் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓப்பன் ஆபீஸைக் கற்பித்தது. வெளியே கடைகளில் இருந்ததோ பவர்பாயின்ட். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர்களுக்கு அறிமுகமானது. இப்படி ஒரே வகுப்பறையில் மூன்று வகைக் கோப்புகள் புழங்கின. ஓப்பன் ஆபீஸின் ஓடிஎஃப் வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தரமானது. மைக்ரோசாஃப்டின் புதிய வடிவம் 2008-இல் தரமானது. அந்த வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

எழுத்துரு என்னும் சிக்கல்

கோப்பு திறந்த பிறகும் தமிழ் தெரியாமல் போவதற்குக் காரணம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவையே தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் அதைத் தாங்கியது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆசிரியர்கள் தயாரித்த பாடங்கள் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன.

கோப்பு திறக்காவிட்டால்

1. முதலில் கோப்பின் நகலை எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்க.

2. கோப்பின் அளவைப் பார்க்க. சுழியம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. ஜிப் பொட்டலத்தின் அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கும். நகலெடுத்து முடியும் முன் பென் டிரைவைப் பிடுங்கினால் அந்த அட்டவணை விடுபட்டு, கோப்பு திறக்காது. மூலக் கணினியில் இருந்து மீண்டும் நகலெடுப்பதே வழி.

3. பின்னொட்டைக் காண்க. பழைய வடிவமானாலும் புதிய வடிவமானாலும் லிப்ரெ ஆபீஸ் இம்ப்ரெஸில் திறந்து பார்க்கலாம். இது இலவசம்.

4. புதிய வடிவக் கோப்பு அப்போதும் திறக்கவில்லை என்றால், நகலின் பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றிப் பிரிக்க. பாடம் முழுதும் வராவிட்டாலும் 'மீடியா' உறையிலுள்ள படங்கள் கிடைக்கக்கூடும்.

5. தமிழ் மட்டும் குழம்பியிருந்தால், சொல்லின் மீது சொடுக்கி எழுத்துருவின் பெயரைப் பார்க்க. கணினியில் அது இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். நிலையான தீர்வுக்கு, உரையை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு யூனிகோடாக்க வேண்டும். வெளிக்கோட்டுக் காட்சியில் இருந்து உரையை ஒரேயடியாக எடுக்கலாம். ஆனால் தனி உரைப்பெட்டிகளில் எழுதியவை அதில் வாரா. அவற்றைத் தனியே எடுக்க வேண்டும்.

முடிவுரை

அச்சிட்ட பாடநூல்கள் நூலகங்களில் உள்ளன. ஆசிரியர் ஒருவர் தம் ஊர் ஆற்றையும் ஏரியையும் மலையையும் வைத்துச் செய்த பாடம் எந்த நூலகத்திலும் இல்லை. ஒரு குறுந்தகட்டிலோ பழைய பென் டிரைவிலோதான் இருக்கிறது. குறுந்தகடு படிக்கும் கருவி இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே கையில் இருப்பவற்றை இப்போதே திறந்து, யூனிகோடாக மாற்றி, ஒரு பிடிஎஃப் நகலும் சேர்த்து வைப்பது நல்லது. மாணவர்கள் தங்கள் பழைய ஆசிரியர்களுக்கு இந்த உதவியைச் செய்யலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.