காற்றாலையைச் சுற்றுவது காற்றா, கணினியா?

கணினித் திரையில் காற்றாலை சுழல்கிறது. இறக்கைகளைச் சுற்றி நீலமும் சிவப்புமாகக் காற்றோட்டம் வளைந்து ஓடுகிறது. இறுதியாண்டு ஆய்வுகளிலும், சிறு காற்றாலை விற்பவர்களின் விளம்பரங்களிலும் இத்தகைய படங்களைக் காணலாம். ஆனால், அந்தப் படத்தில் இறக்கையைச் சுற்றுவது பெரும்பாலும் காற்று அல்ல. மென்பொருளை இயக்குபவர் கொடுத்த ஓர் எண்தான்.

பேரா மாநிலத்தில் ஈப்போவின் உங்கு ஒமார் போலிடெக்னிக், ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பொறியியல் பயிலும் நம் மாணவர்களுக்கும், அவர்களின் ஆய்வைக் கேட்டு முதலீடு செய்ய நினைப்பவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

கணிப்பு எப்படி நடக்கிறது?

காற்று, நீர் போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் கணிக்கும் முறையே கணிப்பியப் பாய்ம இயக்கவியல். சுருக்கமாக சிஎஃப்டி என்பார்கள். காற்றாலையைச் சுற்றியுள்ள வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் மென்பொருள் கணக்கிடும். ஆன்சிஸ் ஃப்ளூவெண்ட் கட்டண மென்பொருள். ஓப்பன்ஃபோம் இலவசமாகக் கிடைப்பது.

சுழற்சியைக் காட்ட மூன்று வழிகள் உண்டு.

முதலாவதில் இறக்கை அசைவதே இல்லை. இறக்கையோடு சேர்ந்து சுழலும் ஒருவரின் பார்வையில் இருந்து சமன்பாடுகள் தீர்க்கப்படுகின்றன. கணக்கு விரைவில் முடியும். காற்று சீராக நேரே வந்து மோதும் கிடை அச்சுக் காற்றாலைக்கு இது பொருந்தும்.

இரண்டாவதில் இறக்கையைச் சுற்றியுள்ள கட்டங்கள் உண்மையிலேயே சுழல்கின்றன. செங்குத்து அச்சுக் காற்றாலையில் காற்றை இறக்கை எதிர்கொள்ளும் கோணம் நொடிக்கு நொடி மாறுவதால் அதற்கு இந்த வழியே ஏற்றது. ஒரு பாகைக்கு ஒரு கணக்கு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 360 கணக்குகள். விடை நிலைபெறப் பல சுற்றுகள் ஓட வேண்டும்.

இந்த இரண்டிலும் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். காற்றே இல்லாவிட்டாலும் திரையில் இறக்கை சுழலும். பார்க்க வேண்டியது சுழற்சியை அல்ல. இறக்கையின் மீது காற்று செலுத்தும் முறுக்கு விசையை. ஒரு முழுச் சுற்றின் சராசரி, சுழலும் திசையிலேயே இருந்தால் காற்று ஆற்றல் தருகிறது. எதிர்த்திசையில் இருந்தால், அது காற்றாலை அல்ல. வீட்டு மின்விசிறியைப் போல ஆற்றலைத் தின்னும் கருவி.

மூன்றாவது வழியில் இறக்கையின் நிறையும் அது பரவியுள்ள விதமும் கொடுக்கப்படுகின்றன. காற்றின் விசையால் இறக்கை தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்பதைக் கணினியே சொல்லும். மெல்லிய காற்றுள்ள இடத்துக்கு இதுவே முக்கியமான கேள்வி. ஆனால், கணக்கு நீண்ட நேரம் எடுக்கும்.

பேராவின் காற்று

நம் நாட்டில் காற்று பொதுவாக மெல்லியது, திசை மாறுவது. வடகிழக்குப் பருவக்காற்றின் வலு கிழக்குக் கரைக்கே அதிகம். திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டு நிறுவப்பட்டன. ஈப்போவோ தித்திவங்சா மலைத்தொடருக்கு மேற்கே, கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. முன்னாள் ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அடர்ந்த மரங்கள் தரையை ஒட்டிய காற்றை மேலும் தளர்த்தும்.

தமிழ்நாட்டின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதி இதற்கு நேர்மாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கி வருவதால் அங்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்றில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 5 வாட். வேகம் 8 மீட்டரானால் அது 64 மடங்காகி 300 வாட்டைத் தாண்டும். இதிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார். முப்பந்தலுக்குப் பொருந்தும் வேகத்தை மென்பொருளில் கொடுத்துவிட்டு, விடையைத் தோட்டப்புற வீடமைப்புக்குப் பொருத்தினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது தெளிவு.

வல்லுநர்களும் சறுக்கிய சோதனை

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடம், 10 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை நாசாவின் மாபெரும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தது. அளவீட்டைக் காட்டாமலேயே பல நாட்டு வல்லுநர்களிடம் கணிப்பு கேட்கப்பட்டது. எளிய காற்று நிலையிலும் அவர்கள் சொன்ன மின்திறன், உண்மை அளவில் 25 விழுக்காடு முதல் 175 விழுக்காடு வரை சிதறியது. பாய்மச் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்த்த டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தின் கணிப்பு அளவீட்டை நெருங்கி நின்றது. புதிதாகக் கற்பவர்கள் தங்கள் முறையைச் சரிபார்க்க அந்த அளவீடுகள் இன்றும் பயன்படுகின்றன.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு காற்றாலைக் கணிப்பைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்கலாம்:

• சுழல்வேகம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டதா, காற்றால் வந்ததா?

• சராசரி முறுக்கு விசை எந்தத் திசையில் இருக்கிறது?

• கட்டங்களை மேலும் சிறிதாக்கியபோது விடை மாறாமல் நின்றதா?

• வெளியான ஏதேனும் ஓர் அளவீட்டோடு ஒப்பிட்டார்களா?

• கொடுத்த காற்று வேகம், காற்றாலை நிற்கப்போகும் இடத்தில், அதே உயரத்தில் அளக்கப்பட்டதா?

கடைசிக் கேள்விக்குக் கணினி தேவையில்லை. ஒரு கம்பத்தில் காற்றுவேகமானியைக் கட்டி ஓர் ஆண்டு அளந்தாலே விடை கிடைத்துவிடும்.